பழைய பாய்மரப் படகு வாங்குவது எப்படி: முதல்முறை வாங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

முப்பது நாற்பது வயதான, 24 முதல் 30 அடி வரை நீளமுள்ள ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகு ஒன்றை முதல்முறையாக வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வாங்கியபோது படகு கிடைப்பது பெரிய கஷ்டமாக இல்லை. எதைக் கேட்க வேண்டும், எந்தத் தாளைப் பார்க்க வேண்டும், எந்தச் செலவு எப்போது வந்து நிற்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய படகில் விலை என்பது செலவின் ஒரு பகுதிதான். இன்ஜின், பாய்கள், பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் எஃகு வடங்கள் மூன்றையும் புதிதாக மாற்றினால், பல நேரம் அந்தச் செலவே படகின் விலையைத் தாண்டிவிடும். ஆனால் அவற்றை மாற்றிய உரிமையாளர் படகை விற்கும்போது போட்ட பணம் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. அதனால் முன்னவர் செலவு செய்து முடித்த படகைத் தேடுங்கள். அப்படிப்பட்ட படகு சந்தை விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கொடுத்து வாங்கலாம்.

1. படகு வாங்குமுன் அதைக் கட்டி நிறுத்த இடம் பாருங்கள்

பலரும் படகை வாங்கிவிட்டு இடம் தேடுகிறார்கள். பிரபலமான மெரினாக்களில், அதாவது படகு கட்டி நிறுத்தும் துறைகளில், காத்திருப்போர் பட்டியல் உண்டு. விற்பவர் கட்டி வைத்திருக்கும் இடம் படகோடு சேர்ந்து உங்களுக்கு வரும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது அவர் பெயரில் உள்ள ஒப்பந்தம், அவரோடு முடிந்துவிடும்.

கட்டணம் நீளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. எந்த நீளம் என்று கேளுங்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூர உருளை, பின்னால் தொங்கும் ஏணி, அவுட்போர்டு மோட்டார் தாங்கி எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் இடங்கள் உண்டு. "27 அடிப் படகு" அங்கே 29 அடிக்குப் பணம் கட்டும். கடல் வற்றும்போது அந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். தண்ணீர் முழுதாக வற்றிவிடும் இடம் என்றால், தரையில் நிமிர்ந்து நிற்கக்கூடிய இரட்டைக் கீல் படகுதான் சரிப்படும் (கீல் என்பது படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான துடுப்பு போன்ற பாகம்). வெஸ்டர்லி சென்டார் போன்ற படகுகள் இன்றும் தேடி வாங்கப்படுவது அதனால்தான்.

2. பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் படகுக்குக் கொடுக்க வேண்டாம். மீதி முதல் ஆண்டுக்குத் தேவைப்படும்.

ஆண்டுச் செலவு படகு விலையில் 10 சதவீதம் என்று ஒரு கணக்குப் புழங்குகிறது. மலிவான பழைய படகுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மெரினாக்காரர் உங்கள் படகு என்ன விலைக்கு வந்தது என்று பார்க்க மாட்டார், கிரேன்காரரும் பார்க்க மாட்டார். கட்டுமிடம், காப்பீடு, ஆண்டுக்கொரு முறை கரையேற்றி அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுக்கும் ஆன்டிஃபவுலிங் பெயிண்ட் அடிப்பது, இன்ஜின் பராமரிப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக விசாரித்துக் கூட்டுங்கள். கூட்டி வரும் தொகை விலையில் பாதியாக இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. பாய் விரிக்கும் பருவம் முடிந்து, இன்னொரு குளிர்காலக் கட்டணம் கட்ட வேண்டுமே என்று உரிமையாளர்கள் யோசிக்கும்போது விலை இறங்கும். பருவம் தொடங்கும்போது ஏறும். ஆனால் கரையேற்றிப் பாய்மரம் இறக்கிய படகைக் கடலில் ஓட்டிப் பார்க்க முடியாது. பருவத்தின் கடைசி வாரங்கள்தான் என்னைப் பொறுத்தவரை சரியான சமயம்: படகும் தண்ணீரில் இருக்கும், விற்பவருக்கும் அவசரம் இருக்கும்.

3. அதிகம் கட்டப்பட்ட மாடலைத் தேர்ந்தெடுங்கள்

கேட்டலினா 27, கேட்டலினா 30, வெஸ்டர்லி சென்டார், ஆல்பின் வேகா, கான்டெஸா 26 போன்றவை அதிக அளவில் விற்ற படகுகள். இவற்றுக்கு உரிமையாளர் சங்கங்கள் உண்டு. எந்த ஆண்டுப் படகில் எது உடையும், எந்தப் பாகம் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பார்க்கப் போவதற்கு முன்பே அந்த மாடலின் தெரிந்த குறைகளைப் படித்துவிட்டுப் போனால், நேரே அந்த இடத்தில் டார்ச் அடிக்கலாம்.

யாரோ வீட்டில் கட்டிய ஒற்றைப் படகு எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் படகாக வேண்டாம். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பது கட்டியவருக்கு மட்டுமே தெரியும், காப்பீடும் சுலபத்தில் கிடைக்காது.

"இலவசம், எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்ற விளம்பரத்திலும் கவனம் தேவை. அந்த நிமிடத்திலிருந்து கட்டணம் உங்கள் தலையில். கடைசியில் அதை உடைத்து அப்புறப்படுத்தவும் காசு கொடுக்க வேண்டும், ஏனென்றால் பழைய ஃபைபர் கிளாஸை யாரும் விலைக்கு எடுப்பதில்லை.

4. போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்

கடைசியாக எப்போது பாய் விரித்து ஓட்டினீர்கள்? எஃகு வடங்கள் எந்த ஆண்டு மாற்றப்பட்டன, ரசீது இருக்கிறதா? இன்ஜின் எது, எத்தனை மணி நேரம் ஓடியது? எப்போதாவது தரை தட்டியதா? படகு உங்கள் ஒருவர் பெயரில்தானே இருக்கிறது? விற்பனைச் சீட்டின் மூலப் பிரதி கையில் இருக்கிறதா? ஏன் விற்கிறீர்கள்?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைவிட முதல் கேள்விக்கு வரும் பதில் முக்கியம். போன மாதம் ஓடிய படகில் எல்லாம் ஓரளவு வேலை செய்யும். நான்கைந்து ஆண்டு கட்டியே கிடந்த படகில் பாய், கயிறு, பம்பு, பேட்டரி, டீசல் தொட்டி எல்லாமே சந்தேகத்துக்குரியவை. மணிக்கணக்கு குறைவான இன்ஜின் நல்ல இன்ஜின் என்று அர்த்தமில்லை. கடல்நீர் உள்ளே நின்றபடி சும்மா கிடந்த டீசல் இன்ஜினைவிட ஒழுங்காக ஓடிய இன்ஜின் மேல்.

5. நேரில் போய் நீங்களே பாருங்கள்

படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயருக்குப் பணம் கொடுக்கும் முன், தகுதியில்லாத படகுகளை நீங்களே கழித்துவிடலாம். டார்ச், பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்க்ரூடிரைவர், பழந்துணி, சின்னக் கண்ணாடி போதும். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். விற்பவர் பேசிக்கொண்டே இருந்தால் பரவாயில்லை, உங்கள் கையும் கண்ணும் வேலை செய்யட்டும்.

டெக்கிலிருந்து, அதாவது படகின் மேல்தளத்திலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான பழைய படகுகளில் டெக் என்பது இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்த அமைப்பு. திருகு போட்ட துளை வழியே தண்ணீர் இறங்கினால் நடுவில் உள்ள மரம் ஊறி மக்கிவிடும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். குதிகாலை ஊன்றி நடந்து பாருங்கள், எங்காவது அமுங்குகிறதா? ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கணீர் என்று கேட்கும், ஊறிய இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும். கைப்பிடிக் கம்பிகள், ஜன்னல்கள், பாய்மரத்தின் அடி, வடங்கள் டெக்கில் இறங்கும் இடங்கள் இவற்றைச் சுற்றித்தான் முதலில் ஊறும். ஒரு சாண் அளவு என்றால் சரிசெய்யலாம். பெரும்பகுதி மந்தமாகக் கேட்டால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

அடுத்தது ரிக்கிங், அதாவது எஃகு வடங்கள். துருப்பிடிக்காத எஃகு என்றாலும் இவற்றுக்கு ஆயுள் உண்டு. 10 முதல் 15 ஆண்டுகளில் மாற்ற வேண்டும் என்பதுதான் பரவலான கணக்கு, காப்பீட்டு நிறுவனங்களும் அதைத்தான் கேட்கின்றன. பழந்துணியால் வடத்தைச் சுற்றிக் கீழிருந்து மேலாக இழுத்தால், அறுந்த இழை இருந்தால் துணியில் மாட்டும். வடத்தின் முனையில் அழுத்திப் பொருத்திய குழாயில் மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள். வடங்கள் படகோடு இணையும் செயின்பிளேட் என்ற பட்டைகள் டெக்கைத் துளைத்து உள்ளே இறங்கும். உள்பக்கம் பழுப்புக் கறை வழிந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத டெக் நடுவில் அந்தப் பட்டை அரித்துக்கொண்டிருக்கலாம். பாய்மரம் டெக்கின் மேல் நிற்கும் வகை என்றால், அதற்கு நேர் கீழே உள்ள கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடித்தால் டெக் தாழ்ந்திருக்கிறது என்று பொருள்.

கீல் விஷயத்தில் அலட்சியம் கூடாது. 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் சீக்கி ராஃபிகி என்ற 40 அடிப் படகின் கீல் பிரிந்து, அதில் சென்ற நான்கு பேரும் இறந்துபோனார்கள். முன்பு தரை தட்டியதும் பிறகு செய்த பழுதுவேலைகளும் சேர்ந்து அதன் கட்டமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுத் துறை சொன்னது. எனவே போல்ட் போட்ட கீல் என்றால் உள்ளே தரைப்பலகையைத் தூக்கி ஒவ்வொரு போல்ட் தலையையும், சுற்றியுள்ள குறுக்குச் சட்டங்களையும் பாருங்கள். கீலின் முன்முனை பாறையில் மோதினால் அதன் பின்முனை படகுடலை மேல்நோக்கித் தள்ளும். அதனால் பின்பக்கத்துச் சட்டங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று குறிப்பாகத் தேடுங்கள். வெளியே கீலும் உடலும் சேரும் கோட்டில் துரு வழிகிறதா என்றும் பாருங்கள். பழைய கேட்டலினாக்களில் இந்தக் கோட்டின் முன்பக்கத்தில் விரிசல் திறப்பது எல்லாருக்கும் தெரிந்த குறை. கீலை உடலோடு சேர்த்து ஃபைபரில் மூடிய படகுகளில் போல்ட் கவலை இல்லை, அடிப்பாகம் தேய்ந்து தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

இன்ஜினுக்குப் போனதும் முதலில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். எண்ணெய்க் குச்சியை உருவினால் பால் கலந்ததுபோல் இருக்கிறதா? அப்படியென்றால் எண்ணெயில் தண்ணீர். கிளம்பியதும் புகைபோக்கி வழியே தண்ணீர் விட்டு விட்டு வெளியே வர வேண்டும். நீலப் புகை எண்ணெய் எரிவதைச் சொல்லும். கரும்புகை சுமை அதிகம், அல்லது காற்று போதவில்லை என்பதைச் சொல்லும். வெண்புகை சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் விசாரிக்க வேண்டிய விஷயம். யான்மார் ஜி.எம். வரிசை போன்ற சிறு டீசல் இன்ஜின்களுக்கு வயதானாலும் பாகங்கள் கிடைக்கின்றன. பழைய அமெரிக்கப் படகுகளில் அட்டாமிக் 4 என்ற பெட்ரோல் இன்ஜின் இருக்கும். நல்ல இன்ஜின்தான், ஆனால் பெட்ரோல் ஆவி படகின் அடியில் தேங்கும், கிளப்புமுன் விசிறி ஓடியே ஆக வேண்டும். இன்ஜினிலிருந்து ஒரு கால் படகின் அடியைத் துளைத்து இறங்கிச் சுழல்விசிறியைத் தாங்கும் செயில்டிரைவ் வகை என்றால், அந்தத் துளையை அடைக்கும் ரப்பர் வளையம் எப்போது மாறியது என்று ரசீது கேளுங்கள். வால்வோ பென்டா அதை 7 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது.

மற்றவை சீக்கிரம். கடல்நீர் வால்வுகள் ஒவ்வொன்றையும் திருகிப் பாருங்கள். சுரண்டிய உலோகம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் போய்விட்டது, மாற்ற வேண்டும். சுக்கானைப் பிடித்து ஆட்டுங்கள். பாய்களைப் பையிலிருந்து எடுத்து விரித்து, தையலை நகத்தால் கீறுங்கள், நூல் அறுந்தால் வெயிலில் வெந்துபோன பாய்.

படகுடல் அடியில் கொப்புளங்கள் இருந்தால் அதற்கு ஆஸ்மோசிஸ் என்று பெயர். இதற்குத்தான் புதியவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். சிறு கொப்புளங்களால் படகு மூழ்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. விலையைக் குறைக்கப் பயன்படுத்துங்கள், அவ்வளவுதான். ஊறிய டெக்கும் பலவீனமான கீலும்தான் உண்மையான ஆபத்துகள்.

6. ஆவணங்கள்: இங்கே அவசரமே கூடாது

படகு நன்றாக இருந்து தாள் சரியில்லை என்றால் வாங்காதீர்கள். எனக்கு முதலில் பிடித்துப்போன படகில் இரண்டு உரிமையாளர்களுக்கு நடுவே ஒரு விற்பனைச் சீட்டு இல்லை. அந்தத் தாளைத் தேடிப் பல வாரம் ஓடி, கடைசியில் விட்டுவிட வேண்டியிருந்தது.

பார்க்க வேண்டிய முதல் தாள் விற்பனைச் சீட்டு. இப்போதைய உரிமையாளர் வாங்கியது மட்டுமல்ல, அதற்கு முன்னால் கைமாறியவையும் சங்கிலியாக இருந்தால் நல்லது. பதிவுச் சான்றிதழ் இருக்கிறதே என்று திருப்திப்பட வேண்டாம். எல்லாப் பதிவும் உரிமையை நிரூபிப்பதில்லை. பிரிட்டனில் சிறு கப்பல் பதிவு என்பது வெறும் பதிவுதான், உரிமையைக் காட்டுவது பார்ட் 1 என்ற பதிவு. அந்தப் பதிவில் ஒரு படகு 64 பங்குகளாகக் கணக்கிடப்படும், 64-உம் உங்களுக்கு மாற வேண்டும். அமெரிக்காவில் கடலோரக் காவல்படையிடம் ஆவணப்படுத்திய படகு என்றால், உரிமை வரலாற்றையும் அடமானங்களையும் காட்டும் பிரதியைக் கேட்டு வாங்கலாம். உங்கள் நாட்டில் எந்தத் தாள் உரிமையைக் காட்டும் என்று பதிவு அலுவலகத்திலேயே கேளுங்கள்.

அடுத்து அடையாள எண். 1970-களின் நடுவிலிருந்து கட்டப்பட்ட பல படகுகளில் பின்சுவரின் வலது மேல்பக்கத்தில் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடு பொறித்திருக்கும், நாட்டுக் குறியீடு சேர்ந்தால் 14. அதைப் படம் பிடித்து, தாளில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இன்ஜின் எண்ணையும் அப்படியே.

மூன்றாவது, கடன். கடல்சார் சட்டத்தில் சில கடன்கள் ஆளை விட்டுவிட்டுப் படகைப் பிடிக்கும். கட்டாத மெரினா வாடகையும் பழுதுபார்த்த பாக்கியும் பல நாடுகளில் படகோடு சேர்ந்து புதிய உரிமையாளரிடம் வந்துவிடும். மெரினாவிலிருந்தும் படகுப் பட்டறையிலிருந்தும் "பாக்கி இல்லை" என்று எழுத்தில் வாங்குங்கள். உரிமையாளர் இறந்து பிள்ளைகள் விற்கிறார்கள் என்றால் விற்கும் அதிகாரத்தைக் காட்டும் நீதிமன்றத் தாள் வேண்டும். இருவர் பெயரில் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வாங்குகிறவர்கள் மதிப்புக்கூட்டு வரி கட்டிய ரசீதின் மூலத்தைக் கேளுங்கள். 1998 ஜூன் 16-க்குப் பிறகு அங்கே முதன்முதலாக விற்பனைக்கு வந்த படகு என்றால், ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்துக்கு ஏற்றது என்று காட்டும் சி.இ. சான்றும் இருக்க வேண்டும். இவை இல்லாத படகை நீங்கள் ஒருநாள் விற்கும்போது உங்களிடமும் இதே கேள்வி வரும்.

7. விலை பேசி ஒப்பந்தம் போடுங்கள்

விளம்பர விலை ஆரம்பம்தான். உங்கள் விலையைச் சொல்லும்போதே "சர்வேயும் கடலோட்டமும் திருப்தியாக இருந்தால் மட்டும்" என்ற நிபந்தனையை எழுத்தில் சேருங்கள். முன்பணம் வழக்கமாக 10 சதவீதம். அது யார் கையில் இருக்கும், எந்தச் சூழ்நிலையில் முழுதாகத் திரும்பும், எத்தனை நாளுக்குள் சர்வே முடிய வேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். தரகர் மூலம் என்றால் அவருடைய வாடிக்கையாளர் கணக்கில் போடுங்கள். நீங்கள் படகைப் பார்க்கும் முன்பே முன்பணம் கேட்கிறவரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

படகோடு என்னென்ன வரும் என்ற பட்டியலையும் இணையுங்கள். ரப்பர் படகு, அவுட்போர்டு மோட்டார், நங்கூரம், உதிரிப் பாய்கள் எல்லாம் நேரில் பார்த்த அன்று இருக்கும், சாவி வாங்கும் அன்று காணாமல் போயிருக்கும்.

8. சர்வேயும் கடலோட்டமும்

சர்வேயரை நீங்களே தேர்ந்தெடுங்கள், பணமும் நீங்களே கொடுங்கள். சர்வேயர் பொறுப்பு ஏற்பது பணம் கொடுத்தவருக்குத்தான். அதனால் விற்பவர் காட்டும் பழைய அறிக்கையை வாசிக்கலாம், நம்பி வாங்க முடியாது. அமெரிக்காவில் சாம்ஸ் அல்லது நாம்ஸ், பிரிட்டனில் ஒய்.டி.எஸ்.ஏ. போன்ற சர்வேயர் சங்கங்களில் உறுப்பினரா என்று பாருங்கள். பருவத்தில் அவர்களுக்கு வேலை அதிகம், முன்கூட்டியே நாள் கேளுங்கள்.

கட்டணம் பெரும்பாலும் நீளத்தைப் பொறுத்தது. படகைத் தூக்கும் கிரேன் செலவும் உங்களுடையதே. தண்ணீரிலிருந்து தூக்கிய உடனே ஈரப்பத மானி வைத்தால் எல்லாப் படகும் ஈரமாகத்தான் காட்டும். அந்த எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது என்று சர்வேயரிடமே கேளுங்கள். முடிந்தால் அன்று கூடவே இருங்கள். அறிக்கையில் எழுதாத நிறைய விஷயங்களை அவர் வாயால் சொல்வார். சாதாரண சர்வேயில் இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பதும் பாய்மரத்தில் ஏறுவதும் சேராது. சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கையும், வடங்களைப் பார்க்கும் ரிக்கரையும் தனியாகக் கூப்பிட வேண்டும்.

அதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு போன் போடுங்கள். வயதான படகுக்கு என்ன மாதிரியான அறிக்கை வேண்டும், எத்தனை ஆண்டுக்குள் எடுத்தது வேண்டும் என்று தெரிந்தால், ஒரே சர்வே இரண்டு வேலைக்கும் உதவும்.

கடலோட்டத்தில் எல்லாப் பாய்களையும் விரித்துச் சுருக்குங்கள். இன்ஜினைச் சில நிமிடம் முழு வேகத்தில் ஓட்டி, தயாரிப்பாளர் சொன்ன சுழற்சி வேகத்தை நெருங்குகிறதா, வெப்பம் நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால், பின்னால் கியர் இரண்டையும் போடுங்கள். திரும்பி வந்ததும் தரைப்பலகையைத் தூக்கி, புதிதாகத் தண்ணீர் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

9. அறிக்கையை வைத்து மறுபடி பேசுங்கள்

எந்தப் பழைய படகின் அறிக்கையும் பயமுறுத்தும். மூன்றாகப் பிரியுங்கள்: கடலுக்குப் போகுமுன் செய்தே ஆக வேண்டியவை, ஓராண்டுக்குள் செய்யலாம் என்பவை, இருந்தால் நல்லது என்பவை. முதல் வகைக்கு மட்டும் பட்டறையில் எழுத்தில் விலை வாங்கி, அந்தத் தொகையைக் குறைக்கக் கேளுங்கள். விளம்பரத்திலேயே சொல்லியிருந்த குறைக்கு மறுபடி தள்ளுபடி கேட்டால் விற்பவர் எரிச்சலடைவார், அது நியாயமும்கூட. "நானே சரிசெய்து தருகிறேன்" என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விற்கப்போகும் படகுக்கு யாரும் நல்ல பாகம் வாங்கிப் போட மாட்டார்கள்.

10. பணம் கொடுக்கும் நாள்

காப்பீடு அன்று காலையிலிருந்தே உங்கள் பெயரில் தொடங்கியிருக்க வேண்டும். மீதிப் பணம் போவதும், இரு தரப்பும் கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டு கைக்கு வருவதும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். சீட்டில் படகு எந்தக் கடனும் வில்லங்கமும் இல்லாமல் விற்கப்படுகிறது என்ற வரி இருக்கிறதா பாருங்கள். மூலத் தாள்கள், ரசீதுக் கட்டு, இன்ஜின் கையேடு, எல்லாப் பூட்டின் சாவிகள், இணைப்புப் பட்டியல் எல்லாவற்றையும் அங்கேயே சரிபாருங்கள்.

அந்த வாரமே பதிவை மாற்ற விண்ணப்பியுங்கள், பல இடங்களில் இதற்குக் கெடு உண்டு. ரேடியோ உரிமமும், ரேடியோவில் படகை அடையாளம் காட்டும் எம்.எம்.எஸ்.ஐ. எண்ணும் பழையவர் பெயரில் இருந்தால் மாற்றுங்கள். இபிர்ப் என்ற அவசர அலைபரப்பி படகில் இருந்தால் அதன் பதிவையும் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஆபத்தில் இருக்கும்போது மீட்பு மையம் பழைய உரிமையாளருக்குப் போன் செய்யும். அவசர வெளிச்சக்குழல்கள், தீயணைப்பான், உயிர்காப்பு ராஃப்ட் ஆகியவற்றின் காலாவதித் தேதிகளையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், முதல் பயணத்துக்கு முன் இன்ஜின் எண்ணெய், எண்ணெய் வடிகட்டி, இரண்டு டீசல் வடிகட்டிகள், தண்ணீர் பம்பின் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இறகுச் சக்கரம்) இவற்றை யார் எப்போது மாற்றியிருந்தாலும் நீங்கள் ஒருமுறை மாற்றிவிடுங்கள். கழற்றிய இம்பெல்லரில் இறகு ஏதாவது உடைந்து குறைந்திருந்தால், அந்தத் துண்டு குளிரூட்டும் குழாயில் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கும். அதைத் தேடி எடுத்த பிறகே இன்ஜினைக் கிளப்புங்கள்.